கம்பு பிடுங்கிய அமாவாசை

துணிந்து பொய் சொல்கிறவர்கள் ஒரு ரகம். கேட்ட கேள்விக்குப் பெருமை பொங்க உண்மையைச் சொல்லிவிட்டு, அந்த உண்மையாலேயே குடியைக் கெடுக்கிறவர்கள் இன்னொரு ரகம். சத்யா இரண்டாவது ரகத்தில் ஆரம்பித்து முதல் ரகத்தில் போய் முடிந்தவள். இரண்டுக்கும் நடுவில் ரொம்பத் தூரமில்லை என்பதுதான் வேடிக்கை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வைகரை பெட்ரோ டெர்மினல் என்ற எண்ணெய்க் கம்பெனியில் அவளுக்கு வேலை. மேசைமேல் பெயர்ப்பலகை உண்டு: சத்யா ராஜவேலு, மக்கள் தொடர்பு. பழவேற்காடு ஏரிக்கரையில் நடுத்திட்டுக் குப்பம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குப்பத்தில் பெயர்ப்பலகை வைத்த முதல் ஆள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைச் செல்போனில் படமெடுத்துப் போய்க் காட்டினாள். அம்மா கோவிந்தம்மா அதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் உலையே வைத்தாள்.

கடலில் கப்பலிலிருந்து எண்ணெய் இறக்கி, ஏரியைக் கடந்து கிடங்குக்குக் கொண்டுபோக அரசாங்கம் குழாய் போடப்போகிறது. அந்த ஒப்பந்தம் யாருக்குக் கிடைக்கும் என்பது ஊர் உலகத்துக்கு இன்னும் தெரியாது. ஆனால் வைகரை ஆபீசில் டீ கொண்டுவரும் செல்விக்குக்கூட அது தெரியும். டெண்டர் விதிகள் அரசாங்கத்தின் பெயரில் வெளிவருவதற்கு ரொம்ப முன்னாலேயே அவை இந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தன. உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவளே சத்யாதான். டேங்க் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், நிலம் இந்தத் தாலுகாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வரிக்கு வரி அது வைகரைக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. வேறு எவள் போட்டாலும் தோள் இறங்காது.

சும்மா தைத்துக் கொடுப்பார்களா? புதுவாயல் கூட்ரோட்டில் மந்திரியை வரவேற்று நின்ற பெரிய வளைவுக்குக் கம்பெனிதான் செலவழித்தது. கட்சி மாநாட்டுக்கு ஆள் ஏற்றிப் போனது கம்பெனி பஸ். கணக்கில் அது 'சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு' என்று ஏறியது. கட்சியின் ஒன்றியச் செயலாளர் சின்னதுரை தன் வீட்டு வாசல்போல ஆபீசுக்குள் வந்து, செருப்போடு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். இதெல்லாம் சத்யாவுக்கு உறுத்தவில்லையா என்றால், முதல் மாதம் உறுத்தியது. அப்புறம் சம்பளம் வந்தது.

அவளுடைய மேலதிகாரி ராமானுஜம். திருவள்ளூர்க்காரர், பெருமாள் கைங்கரியத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், பேச்சில் சர்க்கரை. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று செல்வி அவரைச் சொல்வாள், அவர் மீனே சாப்பிடாதவர் என்றாலும்.

மார்கழி மாசம் ஒருநாள் அவர் சத்யாவை அறைக்குள் கூப்பிட்டார். சோபாவில் சின்னதுரை இருந்தார்.

"ஏம்மா, டில்லியிலேருந்து நிபுணர் குழு வர்றது. வயசானவாளும் இருக்கா. வடக்கோடையைப் படகுல போய்ப் பார்க்கணும்ங்கறா. உங்க ஊர் வலையில கிலையில மாட்டிண்டா வம்பு. அங்க வலையே இல்லாத நாள்னு ஏதாவது உண்டோ?"

இந்த இடத்தில் அவள் ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அத்தனை பெரிய மனிதர் தன் ஊர் வழக்கத்தைக் கேட்கிறாரே என்ற பூரிப்பு.

"இருக்கு சார். தை அமாவாசை. எங்களுக்கு அது பாடு திருப்பற நாள்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னாள். ஏரியில் நல்ல மீன் படுகிற ஓடைகள் கொஞ்சம்தான். அடித்துக்கொள்ளக் கூடாதென்று ஏரிக்கரையிலுள்ள மூன்று குப்பங்களும் முறை வைத்து வலை போடுகின்றன. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. வருடத்துக்கு ஒருநாள் பழைய முறை முடிந்து புது முறைக்குச் சீட்டு எடுப்பார்கள். அன்றைக்கு மூன்று குப்பமும் சுத்துவலை கட்டிய கம்புகளை ஒன்று விடாமல் பிடுங்கிக் கரையேற்றிவிடும். போன வருடத்துக்காரனுடைய சுவடு தண்ணீரில் இருக்கக் கூடாது. ஒரு படகு இறங்காது, நண்டு பொறுக்கக்கூட ஒரு பெண்பிள்ளை கால் நனைக்கமாட்டாள். சீட்டு எடுக்கிற ஒவ்வொருவனும் எல்லையம்மன் முன்னால் கற்பூரத்தைத் தொட்டு, "இன்னிக்குத் தண்ணியில கால் வெக்கல" என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சின்னதுரை டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டினார். "அட்ரா சக்க! ஏரியே தொடச்சி வெச்ச மாரி இருக்கும்னு சொல்லு."

ராமானுஜம் அவரைப் பார்த்த பார்வையில்தான் சத்யாவுக்கு உறைத்தது. குழாய் போக வேண்டிய பாதை வடக்கோடை. அங்கே மீன்பிடிப்பு நடக்கிறதா இல்லையா என்று நேரில் பார்த்துச் சொல்லத்தான் குழுவே வருகிறது. நடக்கவில்லை என்றால் அனுமதி, அனுமதி வந்தால் ஒப்பந்தம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தியது, கெட்டது குளம்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். தினம் ராத்திரி அப்பாவோடு ஒரே குண்டானில் சோறு தின்றாள், சொல்லவில்லை. சொல்லாததற்குத் தனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தாள். பாடு முறையில் பெண்ணுக்குப் பங்கு கிடையாது. ராஜவேலுவுக்கு ஆண்பிள்ளை இல்லை, அதனால் அவருடைய பங்கு அவரோடு போய்விடும். வடக்கோடையில் மீன் படாத நாளில் பட்டினி கிடந்ததில் சத்யாவுக்குப் பங்கு இருந்தது, மீன் பட்ட நாளில் இல்லை. அந்த ஏரி எனக்கு என்ன செய்தது, இந்த ஆபீஸாவது ஒரு பலகையில் என் பெயரை எழுதியது என்று நினைத்துக்கொண்டாள். வேலை நிரந்தரமாகும் உத்தரவு தையில் வரும் என்று ராமானுஜம் வேறு சொல்லியிருந்தார்.

தை அமாவாசையன்று காலை அவள் கிளம்பும்போது கோவிந்தம்மா கேட்டாள்.

"இன்னிக்குக் கூடவா ஆபீசு? ஒரு நாளு லீவு போட்டா இன்னா கொறஞ்சிடும்?"

"முக்கியமான வேல இருக்குதும்மா."

"சரி, சீக்கிரமா வந்துடு. உங்க நைனா உன்னாண்ட ஒரு சமாச்சாரம் சொல்லணும்னு சொல்லிக்கினு இருந்தாரு. மூஞ்சக் கீஞ்ச கழுவினு கோயிலாண்ட வந்துடு."

படகைக் கம்பெனி எங்கிருந்தோ லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. ஓட்டியவன் இந்தப் பக்கத்து ஆளே இல்லை. அமாவாசையென்றால் ராமானுஜத்தைக் கோயிலை விட்டு யாரும் இழுத்துவர முடியாது, அன்று அவரும் வந்திருந்தார். அவர் நெற்றியில்கூட ஸ்ரீசூர்ணம் அவசரமாக இட்டதுபோலக் கோணியிருந்தது. பாவம், அன்று அவரும் தன் பெருமாளுக்குப் பாக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

படகு வடக்கோடைக்குள் நுழைந்தது. சின்னதுரை சொன்னது சரிதான். ஒரு கம்பு இல்லை, ஒரு வலை இல்லை. பூநாரைகள் மட்டும் தூரத்தில் நின்றன. சத்யா ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் குறுகி, தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலுக்குக் கீழே படகின் அடியில் தண்ணீர் கசிந்து பாதத்தை நனைத்தது. காலைத் தூக்கி வைக்க இடமில்லை.

குழுவில் தொப்பி போட்ட ஒரு பேராசிரியர் இருந்தார். தமிழர், எழுபதை ஒட்டிய வயது. ஓடையோரச் சேற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே கம்பு பிடுங்கிய குழிகள் வரிசையாக இருந்ததைச் சத்யாவும் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"இங்கே மீன் பிடிக்கறது உண்டா?" என்று பேராசிரியர் கேட்டார்.

ராமானுஜம் பதில் சொல்லவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். "இந்தப் பொண்ணு இந்த ஏரிக்கரையிலேயே பொறந்தவ சார். நான் சொல்றதைவிட அவ சொன்னா நன்னாயிருக்கும்" என்று சத்யாவைக் காட்டினார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தன்னை எதற்காக இந்தப் படகில் ஏற்றினார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது.

"இன்னிக்கு யாரும் இல்லீங்க சார்" என்றாள்.

"இன்னிக்கு இல்லேங்கறது தெரியறதும்மா. வழக்கமா?"

இல்லை என்று தலையாட்டியிருந்தால்கூட அப்புறம் புரியாமல் ஆட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் வாயைத் திறந்து சொன்னாள். "பெருசா ஒண்ணும் இல்லீங்க சார். எப்பவோ ஒண்ணு ரெண்டு பேரு வருவாங்க."

பேராசிரியர் மறுபடி சேற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு தன் கார்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "ஏதாவது சேர்த்துச் சொல்லணும்னா கூப்பிடு. வெள்ளிக்கிழமை அறிக்கை போயிடும்" என்றார். சத்யா அதை வாங்கிக் கைப்பையின் அடியில் போட்டாள். கரையில் இறங்கும்போது ராமானுஜம், "உத்தரவு நாளைக்கு உன் மேசைக்கு வந்துடும்மா" என்றார்.

குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எல்லையம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து மூன்று குப்பத்து ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பங்கு உள்ளவர்கள் பாயில், இல்லாதவர்கள் வெளியே மணலில். அதுதான் அங்கே முறை. பெண்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. ஆனால் கோவிந்தம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாய் ஓரத்தில் நின்றிருந்தாள். மகளைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வா வா, உனக்காகத்தான் எல்லாரும் குந்தினு கீறாங்க."

"எனக்காகவா? இன்னாம்மா?"

ஊர்த் தலைவர் வரதன் தொண்டையைச் செருமினார். கறுத்த, கனத்த மனிதர். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது.

"இங்க பாரு சத்யா. உங்க நைனா ஒரு வருசமா எங்க உசுர வாங்கிட்டாரு. ஆம்பளப் புள்ள இல்லாங்காட்டி என் பங்கு செத்துடணுமா, என் பொண்ணு பேர்ல குடுன்னு. நாங்க ஒத்துக்கல. பொம்பளைக்குப் பாடு குடுத்த கத இந்த ஏரியிலயே கெடயாது." ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா காலம் பேஜாரா கீது. காத்தால கூட ஏதோ ஒரு போட்டு வடக்கோடையில சுத்திக்கினு இருந்துச்சு. பாடு திருப்பற நாளு, நாங்க தண்ணியில எறங்கிக் கேக்கவும் முடியல. அப்போ உங்க நைனாதான் சொன்னாரு. பயப்படாதீங்க, கம்பெனிக்குள்ள நம்மாளு ஒருத்தி கீறா, நமக்கு எதுனா கெடுதல்னா மொதல்ல அவ வந்து சொல்லுவான்னு. வாஸ்தவந்தான்னு பட்டுது. மூணு குப்பமும் ஒத்துக்கினாங்க. உன் பேர்ல பங்கு. வந்து சீட்டு எடு."

ராஜவேலு பாயின் முதல் வரிசையில் இருந்தார். எப்போதும் தண்ணீரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி முகமே சுருங்கிப்போன மனிதர். இன்றைக்கு அந்த முகம் விரிந்திருந்தது. "வா கண்ணு" என்று தன் பக்கத்தில் இடம் காட்டினார்.

பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்வது வெறும் பேச்சு என்றுதான் சத்யா அதுவரை நினைத்திருந்தாள். அந்த மணலில் நின்றபோது அவள் நிஜமாகவே அதை வேண்டிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க எனக்கில்லை எனக்கில்லை என்று குமைந்த பங்கு. அது கிடைக்கிற நாள் பார்த்து, காலையிலேயே அதை விற்றுவிட்டு வந்து நிற்கிறாள்.

தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். வரதன் தட்டை அவள் முன்னால் நீட்டினார்.

"சொல்லும்மா. இன்னிக்குத் தண்ணியில கால் வெக்கலன்னு சொல்லிட்டு எடு."

சத்யா கையை நீட்டினாள். கற்பூரச் சூடு விரலில் பட்டது. காலையில் அத்தனை படித்தவர்கள் முன்னால் சரளமாக வந்த பொய் இப்போது வரவில்லை. எல்லையம்மன்மேல் அவளுக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. அப்பாவின் முகம்தான் நாக்கைக் கட்டியது. கற்பூரம் கரைந்து சிறிதாகிக்கொண்டே வந்தது.

"வெச்சேன்" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். வரதனும் சிரித்துவிட்டார்.

"அடப் பாவமே! தெரியாம வெச்சிருக்கும். ஆபீசு வேலையா எங்கனா போயிருக்கும். ஏ கோவிந்தம்மா, மஞ்சத்தண்ணி கொண்டாந்து புள்ள கால்ல ஊத்து. பொம்பளப் புள்ளக்கி மொத தபா, அம்மா கோச்சிக்க மாட்டா."

கோவிந்தம்மா சொம்போடு ஓடிவந்து குனிந்தாள். மகளின் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றப்போனாள். அவ்வளவுதான், அத்தோடு முடிந்துவிடும். என்ன குற்றம் என்றே தெரியாமல் மூன்று குப்பமும் அவளை மன்னித்துவிட்டது. அந்த மன்னிப்புக்குள் புகுந்துகொண்டால் சாகிறவரை யாருக்கும் தெரியாது. அவமானத்திலேயே பெரிய அவமானம் அதுதான் என்று சத்யாவுக்குப் பட்டது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஊத்தாதம்மா. காத்தால வந்த போட்டுல நாந்தான் இருந்தேன்."

கோவிந்தம்மா குனிந்தபடியே நின்றாள்.

"கொழா போடறதுக்குப் பாக்க வந்தவங்க. இன்னிக்கு ஓட காலியா இருக்கும்னு கம்பெனிக்குச் சொன்னதே நாந்தான். இங்க மீன் புடிக்கறாங்களான்னு என்னாண்ட கேட்டாங்க." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "இல்லன்னு சொன்னேன். பெருசா ஒண்ணும் இல்லன்னு சொன்னேன் நைனா."

யாராவது அடித்திருந்தால் தேவலை. யாரும் எழுந்திருக்கக்கூட இல்லை. மூன்று குப்பத்து ஆண்கள், சண்டையென்றால் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளைப் பார்க்க அவர்களுக்கு வெட்கமாக இருந்தது.

ராஜவேலுதான் முதலில் அசைந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தை ஒருமுறை தட்டிவிட்டார். பிறகு எழுந்து பாயைத் தாண்டி வெளியே போய், பங்கில்லாதவர்கள் உட்காரும் மணலில் உட்கார்ந்தார். போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

வரதன் தட்டைக் கீழே வைத்தார். கற்பூரம் அணைந்திருந்தது.

"அந்தப் பேப்பரு எப்போ போவுது?"

"வெள்ளிக்கெழம. ஒரு சாரு நம்பர் குடுத்துக்கீறாரு. நான் பேசறேன். பொய் சொன்னேன்னு சொல்லிடறேன்."

"போன்ல சொன்னா? காத்தால சொன்னதும் நீதான், சாயங்காலம் சொல்றதும் நீதான். எத நம்புவான் அவன்?" வரதன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நாளைக்குக் காத்தால மூணு குப்பமும் எறங்கி வடக்கோட பூரா கம்பு நடுவோம். அந்த ஆளயே இட்டாந்து காட்டு. உங்க கம்பெனிக்காரன் முன்னால, மந்திரி ஆளு முன்னால நின்னு சொல்லு. வலை போட்டவதான் வலைய இழுக்கணும்."

"சொல்றேன்" என்றாள் சத்யா. சொல்லுவாள் என்று அந்தப் பாயில் இருந்த ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. நம்பச் சொல்லிக் கேட்க அவளுக்கும் யோக்கியதை இல்லை. பெயர்ப்பலகை போய்விடும், உத்தரவு கிழிந்துவிடும், சின்னதுரை வீடு தேடி வருவார். அதெல்லாம் அப்போது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

கைப்பையின் அடியில் துழாவிக் கார்டை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அதற்குள் வரதன் வேறொரு கற்பூரம் ஏற்றி அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார். ராஜவேலுவின் பெயரையும் கூப்பிடவில்லை, அவள் பெயரையும் கூப்பிடவில்லை. கோவிந்தம்மா மஞ்சள் தண்ணீரை அப்படியே மணலில் கொட்டிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

சத்யா போனைக் காதில் வைத்தபடியே வெளியே போய் அப்பாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை போன் எடுக்கப்பட்டது.

"ஹலோ, யாரு?"

"சார், காத்தால போட்டுல வந்த பொண்ணு பேசறேன். நான் சொன்னது பொய்யி சார். நீங்க நாளைக்குத் திரும்ப வரணும்."

"குழியைப் பார்த்தேன்மா" என்றார் பேராசிரியர். "நீ சொல்லுவேன்னுதான் கேட்டேன். வரேன்." போனை வைத்துவிட்டார்.

ராஜவேலு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை. இருட்டிக்கொண்டு வந்த வடக்கோடையைப் பார்த்தபடி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அது தனக்கு இடம் விட்டதா, தன்னை விட்டு விலகியதா என்று சத்யாவுக்குத் தெரியவில்லை. கேட்க வாயும் இல்லை.